மாவு விரல் பட்ட இடம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது, இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு ஐடி வேலைக்கு வந்தவன் நான். கோர்படியில் ஃபிளாட், மொட்டைமாடியில் சொந்தத் தொலைநோக்கி. நானும் என் மனைவி ரேவதியும் சூப்பர்நோவா தேடினோம். அதாவது எங்கோ ஒரு கேலக்ஸியில் நட்சத்திரம் ஒன்று வெடித்தால், நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் இன்று ஒரு புள்ளி தெரியும், உலகத்தில் முதலில் அதைப் பார்த்துச் சொல்பவர் பெயரில் பதிவாகும். ஒன்றே ஒன்றாவது எங்கள் இருவர் பெயரிலும் வர வேண்டும் என்று வருடக்கணக்கில் ஆசை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முந்தின நாள் இருட்டியதும் எடுத்த படத்தைக் காலையில் பழைய படத்தோடு மாற்றி மாற்றிப் பார்ப்பேன். புதுப் புள்ளி ஏதாவது தெரிந்தால், எங்கே என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவேன். ரேவதி வந்து தானாகவே திரையில் விரல் வைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. அவள் பாதி நாள் கிரைண்டரிலிருந்து மாவுக் கையோடு வந்து, "இதுதானுங்களே?" என்று அப்படியே அழுத்துவாள், நான் கத்துவேன்.

போன வருடம் அவள் இறந்துபோனாள். கிரைண்டர் மூலையில் மூடிக் கிடக்கிறது. ஆபீஸில் இந்தியும் இங்கிலீஷும் பேசிவிட்டு வந்தால், தமிழில் ஒரு வார்த்தை பேசாமலே வாரம் ஓடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படத்தில் புதுப் புள்ளி ஒன்று தெரிந்தது. பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறைக்குப் போனேன், யாருக்காக என்று கேட்காதீர்கள், காபி போட்டுக்கொண்டு திரும்பினால் திரையில் மாவு. ஈரம் காயாத ஒற்றை விரல் தடம்.

"ஈரக் கையோட தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது ரேவதி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வீட்டில் யாருமில்லை என்பது உறைத்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது, வேலைக்கு வரும் மாவ்ஷி அன்று லீவு. நம்பினால் நம்புங்கள், புளித்த உளுந்து மாவின் வாசனை அடித்தது.

தடம் என் புள்ளியின் மேல் இல்லை. அதே கேலக்ஸியின் மறு ஓரத்தில் இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், அங்கே ஒன்றுமே இல்லை. எங்கள் வழக்கப்படி அதோடு விட்டிருக்க வேண்டும், ஆசை விடவில்லை, என் புள்ளியைக் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்பவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கே பதில் வந்தது: அது குறுக்கே போய்க்கொண்டிருந்த சிறுகோளாம். கற்றுக்குட்டிகூட அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பும். அசிங்கமாகிவிட்டது.

சில நாள் கழித்து கணேசன் போன் செய்தான். இங்கே புனேயிலேயே தாபோடியில் இருக்கிறான், எங்களைப் போலவே நட்சத்திரம் தேடுகிறவன்.

"அண்ணே, நீங்க அனுப்புனீங்களே அந்த கேலக்ஸி, அதுல நெஜமாவே ஒண்ணு வெடிச்சிருக்கு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் நேத்துப் பாத்திருக்காரு."

"எந்தப் பக்கம்டா?"

"நீங்க சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஓரத்துல."

அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்த படத்தைத் திறந்தேன். அவள் விரல் வைத்த அதே இடம். என் ஞாயிற்றுக்கிழமைப் படத்தையும் எவ்வளவோ வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன், அங்கே வெறும் கறுப்பு.

"முந்தாநாள் எடுத்தவங்க படத்துலயும் இல்லண்ணே, புத்தம் புதுசு" என்றான் கணேசன். மாவைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அவளை நினைத்து அழுதிருக்கிறேன், ஆனால் இது அழுகை இல்லை, வேறு. அந்த நட்சத்திரம் வெடித்தது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால். அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் ஒளி பூமிக்கு இன்னும் வந்து சேரவில்லை, வழியில்தான் இருந்தது. நம்மில் யாருக்கும் முன்னால் ரேவதி அதைப் பார்த்துவிட்டாள் என்றால், அந்த இருட்டு வழியில் அவள் எங்கே நின்றுகொண்டிருக்கிறாள்? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?