மூன்று கை மாறிய அம்பாசடர்

கடலைக்காய் நல்ல விலைக்குப் போனதும் என் அண்ணனுக்குக் கார் கேட்கிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்களாம். பேசினவர்கள் வாயில் மண் விழ. அண்ணனுக்கு ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. பயம்தான் இருந்தது.

அண்ணிக்கு அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இரண்டாவது, வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸிலேயே பாதி வழியில் போய்விட்டது. மூன்றாவது தரித்தபோது கோயமுத்தூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: உடம்பு குலுங்கவே கூடாது, பஸ்ஸும் வேண்டாம் மாட்டுவண்டியும் வேண்டாம், வலி என்று தெரிந்ததும் நேராக இங்கே கொண்டு வந்துவிட வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் அப்போது ஒரே ஒரு டாக்சிதான். முகூர்த்த மாதத்தில் அது கல்யாண வீட்டு வாசலில் வாழைமரத்தோடு நிற்கும். புது வண்டிக்குப் பெயர் பதிந்து வைத்தால் பிறக்கப்போகிற குழந்தை பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் கையில் வரும். ஆகப் பழைய வண்டி ஒன்று வாங்குவது என்று அண்ணன் முடிவு செய்தார். ஓட்டத் தெரியாது, டிரைவர் வைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

கோயமுத்தூர் புரோக்கர் ஒருவர் வெண்ணெய் நிறத்தில் ஓர் அம்பாசடரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று கை மாறிய வண்டி. முதலில் கோயமுத்தூர்ப் பதிவு, பிறகு பாலக்காட்டுக்கு மாற்றி எங்கள் ஜில்லா நம்பர் வாங்கியிருந்தது. அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உள்ளே போய்விட்டார். வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான் அப்போது எலப்புள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மலையாளம் படிப்பேன், எழுதுவேன் என்பதால் ஆபீஸ் காரியம் என்றால் அண்ணன் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் கைகட்டி நிற்பார். வண்டி விஷயத்திலும் அப்படித்தான். எனக்கு எதிலும் எளிதில் நம்பிக்கை வராது. வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. புரோக்கர் நீட்டிய ஆர்.சி. புக்கை வாங்கி, "இதைப் பாத்துப் போட்டு நாளன்னிக்கிச் சொல்றோமுங்க" என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

பாலக்காட்டு ஆர்.டி. ஆபீசுக்குப் போனேன். உடமஸ்தன் பெயர் சரிதானா, வரி கட்டியிருக்கிறதா, தவணைக் கடன் ஏதும் பதிந்திருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் சரி என்றார்கள். கோயமுத்தூர் ஆபீஸுக்கும் இரண்டு தடவை போய், வண்டி அங்கிருந்து முறையாகத்தான் மாற்றலாகியிருக்கிறதா என்று விசாரித்தேன். அதுவும் சரி. எஞ்சினிலும் சேஸிலும் அடித்திருந்த நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புக்கில் இருந்த நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். கையெல்லாம் கிரீஸ். அண்ணியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நாங்கள் இவ்வளவு துருவவில்லை. குலக் கூட்டம் என்ன, காடு தோட்டம் எவ்வளவு, ஜாதகம் பொருந்துகிறதா என்று கேட்டதோடு சரி. அண்ணியின் தம்பி எங்கே என்று கேட்டதற்குப் பம்பாயில் வேலை என்றார்கள். கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. லீவு கிடைத்திருக்காது என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. கடைசி இரண்டு உடமஸ்தர்களும் வண்டியை ஒரு வருஷம்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஏன் இத்தனை சீக்கிரம் கை கழுவினார்கள்? அண்ணனிடம் சொன்னபோது அவர் வண்டிக்கு அடியில் குனிந்து எதையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு, பின்னால ஸ்பிரிங்குப் பட்டை எச்சாப் போட்டிருக்குது. எத்தனை கெட்டியா இருக்குது பாரு. இதுல போனா எப்படிக் குலுங்கும்?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சந்தேகத்தை அதோடு விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. அதைத்தான் செய்தோம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசி இந்தக் கேரளப் பக்கம் வரக்கூடாது. எங்களுக்கோ வீடு இங்கே, வயல் அங்கே. சொந்த வயலில் விளைந்ததையே கடலைக்காய் மூட்டைக்கு அடியில் ஒளித்துக் கொண்டு வந்த ஜனம் நாங்கள். செக்போஸ்ட்காரர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவர்கள் கேட்டால் பதில், அதுவும் பாதிதான். நாமாகப் போய் ஒரு வார்த்தை கேட்பது என்பது யாருக்கும் தோன்றாது. இரண்டு ராஜ்ஜியத்து ஆபீஸிலும் ஏறி இறங்கினவள், நடுவில் இருந்த வேலந்தாவளம் செக்போஸ்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நாலு தடவை தாண்டினேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதலில் அங்கேதான் இறங்கிக் கேட்டிருப்பான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம், அப்படியே அண்ணியை டாக்டரம்மாவிடமும் காட்டிவிடலாம் என்று ஏற்பாடு. அன்று காலையில் அண்ணி என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். "அம்மிணி, இந்த வண்டி வேண்டாம்னு உங்கண்ணங்கிட்டச் சொல்லீருங்க" என்றார். ஏன் என்றேன். "எனக்குப் புடிக்கலீங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஓடியாடி விசாரித்தவள் நான்; பிடிக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் சொன்னால் எப்படி இருக்கும்? எரிச்சலாக வந்தது. கிளம்பச் சொன்னேன்.

புரோக்கர் ஓட்டினார். கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிட்டது, வண்டி மாட்டுவண்டியைவிட மோசமாகத் தூக்கிப் போட்டது. அண்ணி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். செக்போஸ்டில் தடுப்பு மூங்கில் இறங்கியிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் நம்பரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அட, இந்த வண்டி இன்னும் ஓடுதா? அத்தனை பேரும் இறங்குங்க" என்றார்.

பின்சீட்டைத் தூக்கினார். அதற்குக் கீழே தகரம் அடித்துப் பெட்டி மாதிரி ஓர் அறை. கையை விட்டு எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் நாலைந்து அரிசி, புழுத்துப்போனது. "பின்னால எச்சாப் பட்டை போட்டது எதுக்குன்னு நெனச்சீங்க? மூட்டை ஏத்தினா வண்டி தாழக்கூடாதுன்னுதான். வெறும் வண்டியா ஓட்டினா ஆளைத் தூக்கித்தான் போடும். அரிசியோட நாங்க புடிச்ச வண்டி இது. கோர்ட்டுல உடமஸ்தங்கிட்டயே குடுத்துட்டாங்க. ஓட்டினவன்தான் இன்னும் சிக்கலை." சொல்லிக்கொண்டே வந்தவர் அண்ணியைப் பார்த்து நிறுத்தினார். "நீங்க அவனோட அக்கா இல்லையா? உங்க அப்பா ஊட்டுக்கு நாங்க வந்தப்ப நீங்கதான கதவைத் திறந்தீங்க?"

அண்ணி ரோட்டோரத்துப் பனைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு அண்ணன் எங்களை வீட்டுக்குப் பஸ் ஏற்றினார். டாக்டரம்மா ஆகாது என்ற அதே பஸ். வழி முழுக்க அண்ணியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார். "பம்பாயாம் பம்பாய். உங்க ஊட்ல இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கறீங்க? உன்ற தம்பி இந்த வாசப்படி மிதிச்சான்னா அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?" என்று அண்ணி கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வீட்டில் சோறு போடுவதும் சாப்பிடுவதும் மட்டும் நடந்தது. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தை அளந்து சொல்ல முடியாது. ஊரே மடியில் அரிசி கட்டிக்கொண்டு வந்து தின்ற காலத்தில் இவருக்கு மட்டும் மானம் என்ன மானம்? சொன்னேன். காது கேட்காத மாதிரி எழுந்து காட்டுக்குப் போய்விட்டார். வேறு வண்டி பார்க்கச் சொன்னால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். இனி எந்த வண்டியைக் கண்டாலும் அவருக்கு அரிசிதான் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு வெகு முன்னாலேயே, ஒரு நாள் காலையில் வலி வந்துவிட்டது. டாக்சி கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தது. வாசலில் மாட்டுவண்டி இருந்தது. அண்ணன் நுகத்தைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடியும் தூக்கினார். அண்ணி கட்டிலில் புரண்டுகொண்டே, "மாட்டுவண்டி வேண்டாமுங்க. இதுவும் போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு என்னைப் பார்த்து, தம்பி எங்கே இருக்கிறான், அவனிடம் கார் இருக்கிறது என்பதைச் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கமே, எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையில்.

நான் செருப்பைத் தேடினேன். அண்ணன் என்னைத் தடுத்தார். "நீ இரு. நான் போறேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் அங்கே என்ன பேச்சு நடந்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. அண்ணன் முன்சீட்டிலிருந்து இறங்கினார். ஓட்டி வந்தவன் மெலிந்த ஆள், இரண்டு நாள் தாடி. வாசப்படியில் காலை வைக்கப் போனவன் நின்று அண்ணனைப் பார்த்தான். "வா, வந்து ஒரு பக்கம் புடி" என்றார் அண்ணன். அக்காவைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தான். அவர் தலை என் மடியில் இருந்தது.

ஊரைத் தாண்டினதும் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இட்டேரி. இரண்டு பக்கமும் கள்ளிவேலி, நடுவே குண்டும் குழியுமான வண்டித்தடம். அரிசி வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும், செக்போஸ்ட் கிடையாது. வலது பக்கம் தார் ரோடு, நேராகச் செக்போஸ்டுக்கு. அவன் வண்டியை மெதுவாக்கினான். கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான். அண்ணி கண்ணை மூடியிருந்தார். இட்டேரியில் போனால் குழந்தை போய்விடும். தார் ரோட்டில் போனால் இவன் மாட்டிக்கொள்வான். எதை வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு அவ்வளவு யோசனை இல்லை. வலது பக்கம் திருப்பினான்.

செக்போஸ்டில் அதே போலீஸ்காரர். அவனாகவே வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான். குரலைத் தாழ்த்தி, "அக்காளுக்கு வலிங்க. ஆஸ்பத்திரில எறக்கி உட்டதும் உங்க கூடவே வர்றனுங்க" என்றான். போலீஸ்காரர் அவனைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். மூங்கிலைத் தூக்கச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நடுவில் ஒடுங்கி உட்கார்ந்த அண்ணன், ஆஸ்பத்திரி வரைக்கும் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தே இருந்தார்.

பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் அழுதது. நர்ஸ் வெளியே வந்து சொன்னதும் அண்ணன் அவனிடம் சொல்ல வராந்தாவுக்கு ஓடினார். திரும்பி வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றார். "அழுகைச் சத்தம் கேக்கற மட்டும் இருந்தாங்களாம். அப்பறம் போலீஸ்காரரு அவனைக் கூட்டீட்டுப் போயிட்டாரு" என்றார். அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணி கண் விழிக்கும்போது என்ன சொல்வது என்று நான் தயார் செய்து வைத்திருந்தேன். தம்பி பிளாஸ்க்கில் காபி வாங்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான். சாயங்காலம் கண்ணைத் திறந்தார். குழந்தையைப் பக்கத்தில் வைத்தேன். அதன் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"ஒரு குலுக்கல்கூட இல்லீங்க அம்மிணி. தார் ரோட்டுலயே வந்துட்டான்."