குளத்தடிக்கு வெறுங்கையோடு

பிரெஞ்சுப் புறநகரான வில்லியே லே பெல்லில் எங்கள் பக்கத்து வீட்டு மதாம், நவம்பரில் மகளிடம் போகும்போது தோட்டத்துக் குளத்து மீன்களை என்னிடம் ஒப்படைத்தார். ஒரே ஒரு நிபந்தனை: குளிரில் அவற்றுக்குச் செரிக்காது, சாப்பாடு போடவே கூடாது.

எனக்கு மனம் கேட்கவில்லை. என் பொறுப்பில் ஏழு உயிர்கள் பட்டினியா? தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் வேலை முடிந்து வரும்போது அரிசிப்பொரி வாங்கிவந்து, தினமும் கைநிறைய அள்ளிப் போட்டேன்.

ஆறாம் நாள் காலை மனைவி கத்தினாள்: "இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! மீனெல்லாம் மேலை வந்து வாயைப் பிளக்குது!"

பொரி ஊறி அழுகி, தண்ணீர் நாறியது. மதாமைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. பொரியை வடித்தெடுத்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பீப்பாயில் இருக்கும் மழைத்தண்ணீரை ஊற்றச் சொன்னார். வாளியும் கையுமாக இருவரும் ஓடினோம். மதியத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கின.

"ஏழும் உயிரோடை இருக்கு!" என்று மனைவி கைதட்டினாள். நான் சேற்றில் நின்று துள்ளினேன்!

யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று வளர்ந்தவன் நான். இப்போது குளிர்காலத்தில் அந்தக் குளத்தடிக்கு மட்டும் வெறுங்கையோடு போகிறேன். அந்தக் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருப்பதுதான் பெரும் பாடு.