ரிப்பீட்தான் ஃபைனல்

அறுபதுகளில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். ஒரு சித்திரை மாதம், மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருந்த யூசுப் என்பவரை மஞ்சள் காமாலையோடு சேர்த்தார்கள். பித்தக்குழாயைக் கல் அடைத்திருந்தால் ஆபரேஷன் செய்ய வேண்டும். ஈரல் வீக்கம் என்றால் கத்தி வைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. எது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் இருந்தது தைமால் டெஸ்ட்.

ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தைமால் கரைசலில் விட்டு அரை மணி வைப்போம். ஈரல் வீங்கியிருந்தால் புரதம் திரண்டு கரைசல் கலங்கும். அடைப்பு என்றால் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். கலங்கலின் அளவை நம்பராக எழுதி அனுப்புவோம்.

காலையில் போட்டேன். நன்றாகக் கலங்கியது. சர்ஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், கல்தான் என்று நினைத்திருந்தவர், திரும்பப் போடச் சொன்னார். பிற்பகலில் அதே சீரம் ஏறக்குறைய தெளிவாக நின்றது. இரண்டையும் எழுதட்டுமா என்று லேப் தலைவரைக் கேட்டேன்.

“ரெண்டு நம்பர் அனுப்பினா சர்ஜன் என்ன, சீட்டுக் குலுக்கியா பாப்பாரு? ரிப்பீட்தான் ஃபைனல். அத மட்டும் எழுதுங்க.”

எங்கள் லேபின் வழக்கம் அது. முதல் முறை கை தவறலாம், இரண்டாவதைக் கவனமாகச் செய்திருப்போம் என்பது கணக்கு.

மறுநாள் வயிற்றைத் திறந்தார்கள். கல் இல்லை. ஈரல் வீங்கியிருந்தது. அந்த வாரமே யூசுப் இறந்தார்.

சர்ஜன் லேபுக்கு வந்தார். மிச்சமிருந்த சீரத்தைத் தைமால் கரைசலோடு இரண்டு ட்யூபில் போட்டோம். குளிர்ந்த தண்ணீரில் வைத்தது கலங்கியது. மேஜைமேல் வைத்தது கலங்கவில்லை. ‘ரூம் டெம்பரேச்சர்’ என்று வெளிநாட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தது. அவர்கள் அறையின் சூடு வேறு, எங்கள் சித்திரைப் பிற்பகல் வேறு. அந்தச் சூட்டில் திரள வேண்டிய புரதம் திரளவில்லை.

“நான் நெனச்சதையே உங்க வெயிலும் சொல்லிடுத்து. அதான் காலைல வந்தத கை தவறுன்னு தள்ளிட்டு, இத நம்பிட்டேன்” என்றார் சர்ஜன். நடந்ததை யூசுப்பின் தம்பியிடம் அவரே சொன்னார்.

தம்பி லேப் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

“காலைல வேற மாதிரி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆபரேஷன் வேணாம், ரெண்டு நாள் பாப்போம்னு சொல்லியிருப்போமேங்க.”



இன்று லேபில் வேலை பார்க்கும் நீங்கள் ஒளிரும் சாயம் போட்டு, மெஷினில் புரதத் திரளை அளக்கிறீர்கள். ஒரே சாம்பிள் இரண்டு விதமாக வந்தால், பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சராசரியும் போடாதீர்கள். இரண்டையும் எழுதி, இன்னும் தெரியவில்லை என்று அனுப்புங்கள். மேலே இருப்பவர் திட்டுவார். திட்டட்டும்.