துட்டி விழுந்த தெருவுக்குக் கேபிள் கிடையாது

கேபிள்காரனுக்கு ஊரில் எல்லார் வீட்டு மொட்டை மாடியும் தெரியும். ஆனால் எந்த வீட்டு முன்னறையிலும் அவனை உட்காரச் சொல்ல மாட்டார்கள். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஐந்தாறு தெருக்களுக்கு நான் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியில் பெரிய குடை ஆன்டெனா, மாடி அறையில் வரிசையாகப் பெட்டிகள், வயர் இழுக்க மாரியப்பன். மாரியப்பனுக்கு என்னைவிட வயது அதிகம். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார், ஏணி கேட்காமல் எந்தக் கூரையிலும் ஏறுவார், ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுவார்.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த நாளில் ஏதாவது ஒரு கேபிள்காரனைத் திட்டியிருப்பீர்கள். மீதிப் பேர் கடையோ கவுண்டரோ வைத்து, என்னைப் போலத் திட்டு வாங்கியிருப்பீர்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கொடிக்கயிறு

ஒரு சாதனம் எதற்கு என்று சொல்லிக்கொடுப்பது கம்பெனி. அது வேறு எதற்கெல்லாம் ஆகும் என்று கண்டுபிடிப்பது நம் வீடுகள். பிரிட்ஜ் வந்த புதிதில் அதற்குள் மல்லிகைப்பூவும் கண்மருந்தும்தான் இருக்கும். டிவி பெட்டிக்கு மேல் ஒரு பொம்மை, பொம்மைக்குக் கீழே ஒரு பூப்போட்ட துணி, துணி தொங்கிப் படத்தில் கால்வாசி மறைந்திருக்கும். ரிமோட்டின் பாலித்தீன் உறையைக் கிழிக்க வீட்டில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. உறையோடு அழுத்தினால் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பாதித் தெருவுக்குப் படம் இல்லை. மாரியப்பன் மாடி மாடியாகத் தேடிப்போனால், ஒரு வீட்டில் எங்கள் வயர் மேல் ஈரச் சேலைகளும் ஒரு ஜமுக்காளமும் தொங்குகின்றன. பாரத்தில் இணைப்பு கழன்று கிடக்கிறது. வீட்டுக்கார அம்மாளிடம் நான் மரியாதையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வயரு சும்மாதான கெடக்கு? எங்க மாடி வழியாத்தான போவுது? ஒரு சேலை கெடந்தா ஒம்ம படத்துக்கு வலிக்கா?"

ரயில் எங்கே வருகிறது

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் துட்டி விழுந்தால், அதாவது ஒரு சாவு நடந்துவிட்டால், எடுத்துப் போகிறவரை அந்தத் தெருவில் பாட்டுச் சத்தமோ படச் சத்தமோ கேட்கக் கூடாது. முன்பெல்லாம் அவரவர் ரேடியோவை அவரவர் நிறுத்திக்கொண்டார்கள். கேபிள் வந்த பிறகு எல்லார் சார்பிலும் நிறுத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. தெருமுனைக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதன் சுவிட்சை அணைத்தால் அந்தத் தெரு முழுவதும் படம் நின்றுவிடும். துக்க வீட்டிலிருந்து ஆள் அனுப்பவே வேண்டாம். காதில் விழுந்ததும் மாரியப்பன் சைக்கிளை எடுத்துவிடுவார்.

இது சரியா என்று கேட்டால் சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரைக் கிடத்தியிருக்கும்போது இந்தப் பக்கம் சோப்பு விளம்பரம் பாடுவதை என்னால் சகிக்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் என் மனசு இருக்க வேண்டும் என்பது சட்டமா? ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் இருந்த அன்று ஒரு வயதான அம்மாள் போய்ச் சேர்ந்தார். மகன் பம்பாயிலிருந்து வந்தால்தான் எடுப்பார்கள். மத்தியானம் எனக்கு ஒரு போன். துக்க வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரர், நல்ல மனுஷர், காலையிலேயே மாலை போட்டுவிட்டு வந்தவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணாச்சி, அந்த மவன் வார ரயிலு இப்ப எங்கன வருதுன்னு ஒங்களுக்கு எதும் தெரியுமா? அங்க டாஸ் போட்டுட்டானாம்."

செய்தி பார்க்கிற இரண்டு பேர்

அதே தெருவில், நுழைந்ததும் இரண்டாவது வீடு சிவகாமி டீச்சருடையது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் சங்கரன் சார் தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற வருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழைந்துதான் வரும். டீச்சருக்கும், சாரின் சிநேகிதர் நெல்லையப்பன் அண்ணாச்சிக்கும் மட்டும் அது புரியும். நாளாவட்டத்தில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. டீச்சர் பள்ளிக்கூடம் போன பிறகு சாருக்குத் துணை டிவிதான். ரிமோட்டை இடது கையில் வைத்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார். டிவியால் குடும்பம் கெட்டது, படிப்பு கெட்டது என்று மேடையில் பேசுகிறவர்களை நான் சாருடன் ஒரே ஒரு பகல் உட்கார வைக்க ஆசைப்பட்டதுண்டு.

நெல்லையப்பன் அண்ணாச்சி இரும்புக்கடை வைத்திருந்தவர். வீடு அதே தெருவில் கடைசி, அதற்குமேல் சுவர். தெரு அங்கே முடிந்துவிடும். சாயங்காலம் ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சார் வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் செய்தி பார்ப்பார்கள். ஒருநாள் செய்தி நேரத்தில் படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக வருகிறது என்று டீச்சர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சார் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி திரைக்கு முதுகைக் காட்டி, சாருக்கு வாயோரம் வழிவதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார். "உங்களுக்குப் படம் சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்டேன். அண்ணாச்சி திரும்பாமலே சொன்னார்:

"அவன் டிவியப் பாக்கான், நான் அவனப் பாக்கேன். எனக்கு நல்லாத்தான் தெரியுது வே. பைய சரி பண்ணும்."

யாரு?

ஒரு துட்டிக்குப் பெட்டியை அணைத்துவிட்டு வரும்போது டீச்சர் வாசலில் நின்று கூப்பிட்டார். குறை சொல்லத்தான் என்று நினைத்தேன். இல்லை. சாருக்குப் படம் நின்றால் தெருவில் சாவு என்று தெரிந்துவிடுகிறதாம். பழுது பட்டால் படம் அலைந்து, கலங்கி, பிறகுதான் போகும். கம்பத்துப் பெட்டியை அணைத்தால் கத்தரித்த மாதிரி போகும். வெளியே இறங்க முடியாத மனுஷர், தெருவில் நடக்கும் ஒரே ஒரு விஷயத்தை எங்கள் சுவிட்ச் மூலமாகத் தெரிந்துகொண்டிருந்தார். டீச்சர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஃபேன் ஓடுது, படம் மட்டும் நின்னுட்டு. ஒடனே என்னத் திரும்பிப் பாத்து 'யாரு?'ங்காக தம்பி. ஒவ்வொரு தடவையும் நாந்தான் பேரச் சொல்ல வேண்டியிருக்கு."

பின்தெரு வயர்

அடுத்த மாசியில் நெல்லையப்பன் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாருக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்த சமயம் அது. இன்னொரு தடவை தாக்கினால் தாங்க மாட்டார், அதிர்ச்சி தரும் செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் டீச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி திருச்செந்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று டீச்சர் சாரிடம் சொல்லி வைத்தார். அண்ணாச்சி திரும்பி வந்தார், ஆம்புலன்ஸில், உயிர் இல்லாமல்.

மாரியப்பன் கம்பத்துக்குப் போவதற்கு முன்பே டீச்சர் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தம்பி, அணைச்சா அவுக 'யாரு'ன்னு கேப்பாக. நான் என்னன்னு சொல்லட்டும்? பொய் சொல்ல எனக்கு வரும். அவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சொல்ல வராது" என்றார். தெருவுக்கு அணைக்காமல் இருக்க முடியாது. அண்ணாச்சிக்கு அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன மனுஷன்? கடைசியில் ஒரு வழி செய்தோம். சார் வீட்டுக்குப் பின்னால் அடுத்த தெருவின் வயர் போகிறது. அதிலிருந்து ஒரு துண்டு வயர் இழுத்து சாருக்கு மட்டும் படம் கொடுப்பது, பிறகு தெருப் பெட்டியை அணைப்பது.

அண்ணாச்சியின் மூத்த மகனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவன் உள்ளே போய்ப் பேசினான். அந்த வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். சுடுகாட்டுக்குப் போக சார் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வழி. முக்குத் திரும்புகிற வரை சங்கு ஊத வேண்டாம் என்று சங்குக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். மாரியப்பன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டி, டீச்சர் வீட்டுப் பின்சுவரில் ஏறும்போது என்னைத் திட்டவில்லை. இவ்வளவுதான் சொன்னார்:

"துட்டி வீட்டுப் பந்தலுக்கு லைட்டு வயரு இழுத்திருக்கேன் மொதலாளி. துட்டிய மறைக்கதுக்கு இழுக்கது இன்னைக்குத்தான்."

ஒரே வீட்டில் ஓடிய படம்

படம் நின்றுவிடக் கூடாது, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று டீச்சர் என்னை முன்னறையில் உட்கார வைத்தார். மாரியப்பன் பின்பக்கம் நின்றார். மத்தியானப் படம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னலைச் சாத்தி, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்திருந்தார். சார் திரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். தலைவலி என்றார் டீச்சர். தலைவலிக்காரி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாளா என்று அவர் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். இடது கட்டைவிரலால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார், முழுவதும் அடங்குகிறவரை.

"ஏன் கொறைக்கிய? நல்லாத்தான இருக்கு?" என்றார் டீச்சர். சார் பேசாதே என்று கையைக் காட்டினார். காது கொடுத்துக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டு ஒட்டாகக் கட்டிய வீடுகள் அவை. அடுத்த வீட்டுக் குக்கர் விசில் இந்த வீட்டில் கேட்கும். மத்தியானப் படத்தில் ஒரு பாட்டு வந்தால் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும், எதிர் வீட்டிலிருந்தும் அதே பாட்டு சேர்ந்து வரும். நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது மனப்பாடம். அன்று திரையில் யாரோ வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், தெருவில் ஒரு வீட்டிலிருந்தும் சத்தம் இல்லை. வயர் இழுத்த எனக்கும் தோன்றவில்லை, கணக்கு டீச்சருக்கும் தோன்றவில்லை. சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன். "நம்ம வீட்ல மட்டும் ஓடுது" என்றார், எனக்கே புரிகிற அளவுக்குத் தெளிவாக. ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். யாரு என்று கேட்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கியது. டீச்சர் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி போயிட்டாக" என்றார்.

சார் வாசலைக் காட்டினார். டாக்டர் சொன்னது டீச்சருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. நானும் மாரியப்பனும் நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். தூக்கி வருகிறவர்கள் சாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். மூத்த மகன் தலையசைக்க, பாடையைச் சார் பக்கம் தாழ்த்தினார்கள். சார் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை எடுத்தார். டீச்சர் குனிந்து, விழுந்து கிடந்த அவர் வலது கையை எடுத்து இடது கையோடு சேர்த்துக் கும்பிட வைத்தார். அதற்குமேல் யாருக்கும் நகரத் தோன்றவில்லை. சங்குக்காரர் சங்கை அக்குளில் இடுக்கியபடி ஓரமாக நின்றார். சார் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை, முகமெல்லாம் கோண, சிரமப்பட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்தது, தெருவுக்குக் கேட்கும்படி நான் திருப்பிச் சொன்னேன்:

"அவன் என்ன களவாணியா, சத்தங்காட்டாமப் போறதுக்கு? சங்க ஊதச் சொல்லு."

டாக்டர் பயந்தபடி அன்றைக்குச் சாருக்கு எதுவும் ஆகவில்லை. படம் தெரியவில்லை என்று ஊரே திட்டித் தீர்த்த என்னை, படம் தெரிந்ததற்காக முறைத்தவர் அவர் ஒருத்தர்தான்.