இருபத்தேழாவது கட்டம்

கெமுயாமா தொகுஜிக்கு உலகத்தில் மரியாதை இருந்தது ஒரே ஒரு பொருளின் மேல்தான்: முத்திரை. பாராட்டு விழாக்கள், தொலைக்காட்சியில் ஒரு வாய் நூடுல்ஸ் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிச் சொக்குகிறவர்கள், மாமனார் எல்லாரும் அவருக்கு இளப்பம். நாகாவோகா நகரத்தின் ஓரத்தில், எரிவாயு சிலிண்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்குப் பத்தொன்பது வருஷ வேலை. வீடுகளிலிருந்து திரும்பி வரும் சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தாங்கினால் கழுத்தில் சுத்தியலால் தேதி அடிப்பார். தாங்காவிட்டால் நசுக்கப் போய்விடும். "போன தடவை தாங்குச்சே" என்று யாராவது இழுத்தால், "அப்ப உங்க வீட்டு அடுப்புலயே மாட்டிக்கங்க" என்பார். அத்தோடு பேச்சு முடியும்.

இப்படிப்பட்டவருடைய மகள் ரிஹோ இரண்டாம் வகுப்புக்கு வந்தாள். இலையுதிர் காலத்தில் வாய்ப்பாடு வந்தது. வாய்ப்பாட்டோடு இரிசாவா டீச்சரும் வந்தார்.

இரிசாவா டீச்சருக்குப் பிள்ளைகள் பெருக்கக் கற்பதைவிடப் பெற்றோர் பங்கெடுப்பது முக்கியம். எட்டு வாரத்தில் பதினோரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு முயல் கை தட்டிக்கொண்டிருக்கும். அவருடைய பெருமைக்குரிய கண்டுபிடிப்பு, 'வீட்டில் கேட்டு மகிழ்வோம்' என்ற அட்டை. ஒன்பது வாய்ப்பாடு, ஒவ்வொன்றையும் நேராக, தலைகீழாக, கலைத்துப்போட்டு என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மொத்தம் இருபத்தேழு கட்டம். வீட்டில் யாராவது கேட்டுவிட்டு, கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்பப் பெயர் முத்திரையைக் கட்டத்தில் குத்த வேண்டும். கட்டம் நிறைய நிறைய, வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் காகித ரயிலில் அந்தப் பிள்ளையின் பெட்டி முன்னால் நகரும். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள். அன்றைக்குள் ரயில் முழுக்க நிலையம் சேர்ந்துவிட வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. சேர்ந்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ்.

மூன்றாவது வாரமே மற்ற இருபத்தேழு பிள்ளைகளின் பெட்டியும் ஊர் தாண்டிப் போய்விட்டது. அங்கே வாய்ப்பாடு ஐந்தில் தொடங்கி, அப்புறம்தான் இரண்டு, மூன்று என்று போகும். ரிஹோவின் பெட்டி மட்டும் ஐந்தாம் வாய்ப்பாட்டைக் கடந்து, இரண்டில் நின்றுகொண்டிருந்தது.

"குத்துப்பா. தலைகீழா ஒரே ஒரு இடத்துலதான தப்பு விட்டேன்."

"மறுபடி சொல்லு."

"ஹோரினோ வீட்ல அவங்க அம்மா அரிசி கழுவிக்கிட்டே குத்திடுவாங்களாம். கேக்கவே மாட்டாங்களாம்."

"அரிசி கழுவுன கையில குத்துனா கட்டத்துல தண்ணிதான் இருக்கும். மறுபடி."

ரிஹோ அழுதாள். அடுக்களையிலிருந்து அவர் மனைவி மிட்சுயே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அவ என்ன உங்க கம்பெனி சிலிண்டரா?"

"சிலிண்டர் அழாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"இந்தப் பேச்சுக்கு உங்களத்தான் மொதல்ல நசுக்கணும்."

அந்த வாரம் ரிஹோ செய்த காரியத்தை மிட்சுயே அவரிடம் ஒரு நாள் கழித்துத்தான் சொன்னாள். பள்ளி விட்டதும் நூறு யென் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே சுழலும் தட்டில் ஊரில் உள்ள குடும்பப் பெயர்களெல்லாம் முத்திரையாக அடுக்கியிருக்கும். சாத்தோ இருந்தது, தகாஹாஷி இருந்தது, ஹோரினோ கூட இருந்தது. கெமுயாமா இல்லை. தட்டை மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், "நம்ம பேரு யாருக்குமே வேணாம் போல" என்றிருக்கிறாள்.

தொகுஜி மறுநாளிலிருந்து மேலதிக நேர வேலையை வேறொருவரிடம் தள்ளிவிட்டு ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்தார். ரிஹோ குளியல் தொட்டியில் அமர்ந்து சொல்லுவாள். அவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காதைக் கொடுப்பார். நீராவியோடு எட்டாம் வாய்ப்பாடு வெளியே வரும். தப்பு வந்தால் கதவில் ஒரு தட்டு. தப்பில்லாவிட்டால், அவள் தலை துவட்டி வருவதற்குள் சிவப்பு மை தொட்ட முத்திரை கையில் தயாராக இருக்கும். அப்படியே இருபத்தாறு கட்டம் நிறைந்தது. ஏழாம் வாய்ப்பாடு, கலைத்துப்போட்டது, அது ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமையும் வந்துவிட்டது.

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே போட வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்புகளை மாட்டிக்கொண்டு பெற்றோர் வகுப்பின் பின்னால் வரிசையாக நின்றார்கள். பின்சுவரில் அட்டைகள் தொங்கின. மற்றவர்கள் தங்கள் பிள்ளையின் அட்டையைப் பார்த்துப் பூரித்தார்கள். தொகுஜி எல்லா அட்டைகளையும் பார்த்தார், கூடத்தில் சிலிண்டர் கழுத்தைப் பார்ப்பதுபோல. ஓர் அட்டையில் முதல் கட்டம் ரத்தச் சிவப்பு, கடைசிக் கட்டம் பேய் வெளுப்பு. ஒரே மை தொட்டு, ஒரே மூச்சில் இருபத்தேழு. இன்னொன்றில் பெயர் முழுக்கத் தலைகீழ். அதைக் குத்திய கை இரண்டாம் வகுப்பில்தான் படிக்கிறது.

"உங்க வீட்டுது என்ன அண்ணா, ஒண்ணு காலியா இருக்கு?" என்றாள் ஹோரினோவின் அம்மா. "நாங்க முத்திரைய செருப்பு அலமாரி மேலயே வெச்சிருக்கோம். பார்சல்காரனுக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு."

"பார்சலப் பிரிச்சாவது பாப்பீங்களா?" என்று கேட்டார் தொகுஜி. மிட்சுயே அவர் விலாவில் இடித்தாள்.

இரிசாவா டீச்சர் கைகளைக் கோத்துக்கொண்டு சிரித்தார். பெற்றோர் அவரவர் பிள்ளையின் மேசைக்குப் போய், ஏழாம் வாய்ப்பாட்டைக் கலைத்துக் கேட்டு, நினைவுக்காக இன்னொரு முத்திரை குத்த வேண்டும். குத்தியதும் சான்றிதழோடு ஒரு படம். அறை முழுக்க ஏழு இரைந்தது. "ஏழெட்டு அம்பத்துநாலு" என்றான் பக்கத்து மேசையில் சாத்தோ வீட்டுப் பையன். "ஆகா!" என்று குத்தினார் அவன் அப்பா, கைபேசியில் படம் சரியாக விழுகிறதா என்று பார்த்தபடி.

தொகுஜி குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். ஏழு மூணு. ஏழு ஒன்பது. ஏழு நாலு. ரிஹோ நின்று நிதானித்துச் சொன்னாள். எட்டுக் கேள்வி தாண்டியது.

"ஏழெட்டு?"

அவள் பக்கத்து மேசையை ஒரு கணம் பார்த்தாள். "அம்பத்துநாலு."

தொகுஜி முத்திரையின் மூடியை மாட்டினார்.

டீச்சர் கேமராவோடு வந்து நின்றார். அறையே முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "அப்பாவும் சேர்ந்து பங்கெடுக்குறதுதாங்க முக்கியம். ஒரே ஒரு கட்டம்தானே…"

"ஒண்ணுதான் வெடிக்கும் டீச்சர். மத்தது பத்திரமாத்தான் இருக்கும்."

ரிஹோவின் காது சிவந்தது. சான்றிதழ்ப் படத்தில் இருபத்தேழு பிள்ளைகள் விரலை விரித்துக் காட்டினார்கள். அவள் ஜன்னலோரம் பென்சில் சீவினாள். அது சீவ வேண்டிய பென்சிலே இல்லை.

காலணி அலமாரிக்குப் பக்கத்தில் மிட்சுயே கணவனைப் பார்க்கவே இல்லை. தொகுஜி வாசலில் பெய்கிற மழையைப் பார்த்தார். இப்போது எதைச் சொன்னாலும் தப்பாகும் என்று அவருக்கே தெரிந்தது. ரிஹோ ஒரு காலணியை மாட்டி, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, அவரை நேருக்கு நேர் முறைத்தாள்.

"ஏழெட்டு அம்பத்தாறு."

"ஏழாறு?"

"நாப்பத்திரெண்டு."

"ஏழு ஒன்பது?"

"அறுவத்திமூணு. ஏழேழு நாப்பத்தொன்பது. ஏழஞ்சு முப்பத்தஞ்சு. இன்னும் கேளு, கேளேன்!"

அவர் கேட்டார். காலணி மாட்ட வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மிச்சமிருந்த நாலும் சரி. தொகுஜி குந்தி உட்கார்ந்து, அட்டையை அலமாரிப் பலகையில் வைத்து, காய்ந்துபோன முத்திரையில் வாயால் ஊதி ஈரமாக்கி, இருபத்தேழாவது கட்டத்தின் நட்டநடுவில் அழுத்தினார்.

ரிஹோ அட்டையை வாங்கி, அவர் சிலிண்டரைப் பார்க்கிற மாதிரியே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "கோணல்."

அவர் பதறிக் குனிந்தார். கோணல் இல்லை.

"தாங்கும்" என்றாள் அவள். அம்மாவின் குடைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் வேண்டா வெறுப்பாகக் கடைசிப் பெட்டியையும் நிலையத்தில் ஒட்டினார். ஆனால் பன்னிரண்டாவது சுற்றறிக்கை அதற்குள் அச்சாகிவிட்டது. 'எங்கள் வகுப்பின் இருபத்தெட்டுக் குடும்பங்களில் இருபத்தேழு முழுமையாகப் பங்கெடுத்தன. தொண்ணூற்றெட்டு சதவீதம்!' முயல் இந்தத் தடவை இரண்டு. கீழே, பெற்றோர் படித்ததற்கு அடையாளமாக முத்திரைக்கு ஒரு கட்டம்.

"இதுக்காவது ஒரே தடவையில குத்துப்பா" என்றாள் ரிஹோ.

தொகுஜி கணக்குப் பொறியை எடுத்து இரண்டு முறை அடித்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு வரவில்லை. தொண்ணூற்றாறரை கூட முழுசாக வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, எண்ணின் மேல் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் 'மறுபடி' என்று எழுதி, கட்டத்தைக் காலியாகவே விட்டுத் தாளை அவள் பைக்குள் வைத்தார்.