அப்பாவை எழுப்பக் கூடாது

ஓட்டல் அறையின் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "குடிச்சிருந்தாரா?" குடிக்கவில்லை. என் தம்பிக்கு டீயைத் தவிர வேறு எதுவும் குடிக்கத் தெரியாது. "அப்புறம் ஏன் கதவைத் திறக்கல?" தூங்கிக்கொண்டிருந்தான். இதைச் சொன்னதும் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், இவள் யாருக்குக் காது குத்துகிறாள் என்பதுபோல. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

தம்பி ஒரு பெயின்ட் கிடங்கில் இரவுக் காவலாளி. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஆந்தை என்று பெயர் வைத்தார்கள், அதற்கும் சிரித்துக்கொண்டுதான் போனான். கிடங்கின் ஒவ்வொரு மூலையிலும் சுவரில் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். மணிக்கொரு தரம் சுற்றி வந்து, கையில் இருக்கும் கடிகாரப் பெட்டியில் அந்தச் சாவிகளைப் போட்டுத் திருக வேண்டும், வந்த நேரம் அதில் பதிவாகும். மற்ற காவலாளிகள் சாவிகளைச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே திருகிவிட்டுக் குறட்டை விடுவார்கள். இவன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. பெரிய நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம். தின்னர் அடுக்கிய இடம், ஒரு தீக்குச்சி போதும் என்று எந்நேரமும் சொல்லிக்கொண்டே இருப்பான். கம்பெனி கொடுத்த பூட்டைக்கூட நம்ப மாட்டான். தானே வாங்கிய பித்தளைப் பூட்டு ஒன்றையும் சேர்த்துப் போடுவான். எங்கே போனாலும் அந்தப் பூட்டு அவன் பையில் இருக்கும், சீப்பு இல்லாவிட்டாலும்.

காலையில் வந்து படுப்பான். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு தகரப் பட்டறை. பகல் முழுக்க டமார் டமார் என்று அடிப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை வெடித்துவிடும். இவனோ அந்தச் சத்தம் நின்றால்தான் புரண்டு படுப்பான். ஆனால் சின்னச் சத்தம் ஆகாது. ஒரு கரண்டி விழுந்தால், யாராவது மெதுவாகத் தும்மினால், பிள்ளை சிணுங்கினால் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவான். இருட்டில் சின்னச் சத்தத்துக்காகவே காத்திருந்து பழகிய காது, பகலிலும் அப்படியே இருந்தது. ஒருதரம் விழித்தால் அவ்வளவுதான், பிறகு தூக்கம் வராது. அன்றிரவு தள்ளாடிக்கொண்டே வேலைக்குப் போவான்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பிள்ளை தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். உஷ், அப்பாவை எழுப்பக் கூடாது. தம்பி பெண்டாட்டி சொன்னாள், நானும் சொன்னேன். பொம்மையைத் தூங்கவைக்கும்போது அந்தப் பொடிசும் பொம்மையிடம் அதையேதான் சொல்லும். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

தம்பி பெண்டாட்டியை யாரும் குறை சொல்ல வேண்டாம். சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். பகலில் கட்டை மாதிரி ஓர் ஆள், இரவில் வெறும் கட்டில். எத்தனை வருடம் தாங்குவாள்? "நான் உங்க தம்பியோட குடும்பம் நடத்தல அக்கா, ஒரு தலையணையோட நடத்துறேன்" என்றாள் ஒருநாள். பகல் வேலைக்கு மாறச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டாள். இவனோ பார்க்கலாம் பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டினான். கடைசியில் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரை நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை.

பிறகு கோர்ட். மாதத்தில் ஓர் இரவு பிள்ளை அப்பாவோடு தங்கலாம், அதுவும் அந்த ஊரிலேயே தங்க வேண்டும் என்று முடிவானது. அது ஒழுங்காக நடந்தால் பள்ளி விடுமுறை முழுக்க எங்கள் வீட்டுக்கே அனுப்பலாம் என்றார்கள். ஏதாவது கோளாறு நடந்தால் அந்த ஓர் இரவும் போய்விடும். இதைத் தம்பி என்னிடம் எத்தனை தரம் சொன்னான் என்று கணக்கே இல்லை. சட்டைக்கு இஸ்திரி போடும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் தடவை போன அன்று, விடிய விடிய வேலை பார்த்துவிட்டு நேராகப் பஸ் ஏறினான். "பஸ்லயாவது தூங்குடா" என்றேன். "இறங்குற இடத்தை விட்டுட்டேன்னா?" என்றான். அந்தப் பஸ்ஸுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். அதற்கு மேல் போனால் கடல். டிரைவர் என்ன கடலுக்குள்ளேயா விடப்போகிறார் என்று கேட்டேன். சிரித்தான். ஆனாலும் வழியெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் போயிருக்கிறான்.

ஓட்டல் துறைமுகத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. தம்பி விட்டுவந்த பையை எடுக்கப் பின்னொரு நாள் நான் போனபோது அந்த அறையைப் பார்த்தேன். உப்புக் காற்றில் சுவர் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் நின்றால் எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கடல் தெரியும். குளியலறைக் கதவின் கீல் துருவேறி, விரலால் தொட்டாலே கிறீச்சிடும். வாசல் கதவின் பூட்டு பெயருக்குத்தான் இருந்தது. தம்பி அதை நம்பியிருக்க மாட்டான். யார் யாரோ வந்துபோகிற இடம், கூட இருப்பது பெண் குழந்தை. பையிலிருந்து பித்தளைப் பூட்டை எடுத்து உள்தாழ்ப்பாளில் மாட்டிப் பூட்டினான். சாவி வழக்கம்போல பெல்ட்டில் தொங்கும் கொத்தோடு சேர்ந்துகொண்டது.

அந்த ராத்திரியைப் பற்றிப் பிள்ளை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அத்தை, ராத்திரி அப்பா முழிச்சிருந்தாரு. சத்தமாப் பேசினாரு. நானும் சத்தமாப் பேசினேன்." ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஓர் அதிசயம். மற்றதெல்லாம் தம்பி சொல்லித் தெரிந்தது. அலையில் நனைந்த காலோடு அறைக்கு வந்து, ரொட்டியும் முட்டையும் தின்று, கப்பல்களின் விளக்கை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை படுத்த பிறகு, தம்பி நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்க படுக்கலையாப்பா?"

"நான் டூட்டில இருக்கேன்மா."

"கப்பல்லயும் வாட்ச்மேன் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. அவங்களும் இப்ப நம்ம ரூம் விளக்கைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

விடிந்தது. தொடர்ந்து இரண்டு இரவு கண் மூடாதவன். வெயில் ஜன்னலில் விழுந்ததும், வருடக்கணக்காக அந்த நேரத்தில் படுத்துப் பழகிய உடம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. "அம்மா வர்றதுக்குள்ள கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்மா" என்று கட்டிலில் சாய்ந்தான். சாவிக்கொத்து இருந்த பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தான். பிள்ளை எழுந்து போய்த் திரையை இழுத்து மூடியது. வீட்டில் அவளுக்கு அந்த வேலை உண்டு.

அதற்குப் பிறகு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பசித்தது. பையில் பிஸ்கட் இருந்தது, ஆனால் அந்தக் காகிதம் சரசரக்கும் என்று தொடவில்லை. பாத்ரூம் போக வேண்டும்போல இருந்தது. கதவை மெல்லத் தள்ளினாள், கிறீச்சிட்டது, அப்பா புரண்டு படுத்தார். கையை எடுத்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்தாள். முடியாமல் போனபோது உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துவிட்டது. அப்போதும் அழவில்லை. அழுதால் கேட்குமே.

சொன்ன நேரத்துக்கு அம்மா கீழே வந்துவிட்டாள். இவர்கள் இறங்கவில்லை. வரவேற்பில் இருந்தவர் அறைக்குப் போன் போட்டார். மணி அடித்ததும் பிள்ளை ஓடிப்போய்த் தலையணையை எடுத்து போன்மேல் வைத்து அமுக்கிக்கொண்டது. கீழே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அம்மா படியேறி ஓடிவந்தாள். இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். பதில் இல்லை. அவள் தட்டிக்கொண்டே இருக்க, ஓட்டல்காரர் தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. "உள்ள வேற பூட்டு போட்டிருக்கும்மா" என்றார்.

பிரிந்த புருஷன், பெண் குழந்தை, உள்ளே பூட்டிய ஓட்டல் அறை, ஒரு சத்தமும் இல்லை. பேப்பர் படிக்கிற எவளுக்கும் என்னென்னவோ தோன்றும். அவள் கத்திய கத்தலில் மாடி முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். தெருமுனையில் நின்ற போலீஸ்காரரும் வந்தார். நாலு பேர் சேர்ந்து கதவை இடித்தார்கள். தம்பிக்கு அது தகரப் பட்டறைச் சத்தம்தான். இடிக்க இடிக்க இன்னும் ஆழமாகப் போயிருப்பான். பிள்ளை கதவருகே வந்து, இடுக்கில் வாயை வைத்துச் சொல்லியிருக்கிறது: "அம்மா, தட்டாதீங்க. அப்பா தூங்குறாரு." வீட்டில் பழகிய அந்த மெல்லிய குரலில்தான் சொன்னாள். அந்தக் கூச்சலில் அது யார் காதில் விழும்?

கடப்பாரை கொண்டுவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள். கதவு தடாலென்று சுவரில் மோதித் திறந்தது. பிள்ளை நனைந்த கவுனோடு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லோரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறது. கட்டிலில் இவன் அசையாமல் கிடக்கிறான். அம்மா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். போலீஸ்காரர் குனிந்து இவன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். அதைப் பார்த்ததும்தான் பிள்ளைக்குப் பயம் வந்தது. அம்மாவின் தோளில் இருந்தபடியே மெதுவாக, "அப்பா" என்றது.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "என்னம்மா, பசிக்குதா?" என்றான்.

இதைத் தம்பி பெண்டாட்டிதான் என்னிடம் போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். அந்தப் பிள்ளை ஒரே ஒரு தரம் வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

தம்பி ஊருக்கு வந்த மறுநாளே மேலாளர் முன்னால் போய் நின்றான். எதற்கும் வாய் திறக்காதவன், அன்று கெஞ்சியிருக்கிறான். பகல் வேலை கிடைத்தது, கிடங்கு வாசலில் லாரிகளை உள்ளே விடுகிற வேலை. பெண்டாட்டி வருடக்கணக்கில் கேட்டு நடக்காதது ஒரே நாளில் நடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை அறையலாம்போல இருந்தது. அறையவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே மூலை மூலையாகச் சுற்றி வருகிறவனை என்னவென்று அறைவது?

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். குழந்தைகள் நல அதிகாரி ஒரு பெண்மணி. முகத்தில் கடுமை இல்லை. பிள்ளைக்குக் கலர் பென்சில் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். குழந்தை பேசி முடிக்கும்வரை பெரியவர்கள் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று எங்களிடம் சொல்லிவிட்டார்.

"அப்பா கதவைப் பூட்டினாராம்மா?"

"ம்."

"சாவி யார்கிட்ட இருந்தது?"

"அப்பா பெல்ட்ல."

"பாத்ரூம் வந்தப்ப ஏன் அப்பாவை எழுப்பல?"

"எழுப்பக் கூடாது."

"எழுப்பினா அடிப்பாரா?"

"இல்ல."

"திட்டுவாரா?"

"இல்ல."

"பின்ன ஏன்?"

இந்த மேடத்துக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோலப் பார்த்தது. "அப்பாவை எழுப்பக் கூடாது" என்று மறுபடி சொன்னது.

"சரி. அப்பாவோட இன்னொரு நாள் ராத்திரி தங்குறியா?"

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது. தம்பியைப் பார்த்தது. நெடுநேரம் யோசித்தது.

"வேணாம்."

"ஏம்மா?"

"நான் இருந்தா அப்பா தூங்க மாட்டாரு. தூங்கலைன்னா ராத்திரி வேலைக்குப் போகக் கஷ்டப்படுவாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். தம்பியிடம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். நான் அவன் முழங்கையை இடித்தேன். ராத்திரி வேலையை விட்டுட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பகலில் வேலை, ராத்திரி வீட்டில்தான் இருப்பேன், இனி யாரும் வாயைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தம்பி பிள்ளையைப் பார்த்தான். அது அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தது, சரியான பதில் சொல்லிவிட்ட பிள்ளை டீச்சரைப் பார்க்குமே, அப்படி.

"இல்ல மேடம்" என்றான்.

நான் எழுந்து வாயைத் திறந்தேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா இருந்தது? பகல் வேலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்காக அவ்வளவு யோசிச்சு ஒரு பதில் சொல்லியிருக்கா அக்கா. அது தப்புன்னு அவ முன்னாடி எப்படிச் சொல்றது?"

"அப்ப தனியா போய்ச் சொல்லு. இப்பவே போ."

போகவில்லை. நான் மட்டும் திரும்பிப் போய் அந்த அதிகாரியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வேலை மாறியது நல்லதுதான், ஆனால் குழந்தையின் விருப்பத்தைத்தான் முதலில் பார்ப்போம் என்றார். அதில் என்ன குறை சொல்ல முடியும்? அழுதுகொண்டே படியிறங்கினேன்.

இப்போது மாதத்தில் ஒரு பகல், அந்த ஆபீஸ் அறையிலேயே, அதிகாரி எதிரில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறான். இரவில் தங்கக் குழந்தைக்கே விருப்பமில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள்.