மூக்கு வண்டியும் சப்பை வண்டியும்

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறும்போது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் என் துணி. இன்னொன்று காலிப் பை. தங்கை ரெஜினாவின் சாமான்களைப் போட்டு, அவளையும் அவள் மகளையும் கரூருக்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்ற முடிவோடு கிளம்பியிருந்தேன். அவள் கணவர் அந்தோணி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

கவரைப்பேட்டைக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். எண்ணூர் வரை நிற்க இடமில்லை. அதற்கப்புறம் கழிமுகத்து நீர் கறுப்பாகத் தெரிகிறது, தூரத்தில் புகைபோக்கிகள். மீஞ்சூர் தாண்டியதும் நெல் வயல்கள் வருகின்றன. அவற்றின் நடுவே சுற்றுச்சுவர் கட்டி, பெயர்ப் பலகை மாட்டி, உள்ளே புல் மட்டும் வளர்ந்து கிடக்கும் மனைகள். பொன்னேரியில் ஏறியவர்களில் பாதிப் பேரின் கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்கியது. எல்லோரும் உட்கார்ந்த உடனே தூங்கினார்கள். மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்து, வராமலே இருந்தது.

ஸ்டேஷனுக்கு ரெஜினாவின் கொழுந்தன் சார்லஸ் வந்திருந்தான். முப்பது வயது. அந்தோணி இறந்த அன்று வண்டியில் பக்கத்து இருக்கையில் இருந்தவன் அவன்தான். இடது காலில் அடிபட்டு, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். இப்போது லேசாகச் சாய்த்து நடந்தான். என் பையை வாங்கிக்கொண்டு, "அண்ணி வண்டி வாங்கப் போறாங்கக்கா. உங்ககிட்ட சொன்னாங்களா?" என்றான்.

சொல்லவில்லை. ஸ்டேஷன் படியிலேயே என் காலிப் பை கனக்க ஆரம்பித்தது.

வீட்டில் ரெஜினா அழவில்லை. அவள் மாமனார் காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தது. அந்தத் தெருவில் முதன்முதலாகச் சொந்த வண்டி வாங்கியவர் அந்தோணி. தொழிற்சாலைகளுக்கு இரும்புக் குழாயும் பட்டறைச் சாமானும் ஏற்றி இறக்கிப் பிழைத்தார். அந்த வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறதாம். இனியும் ரொம்ப நாள் காத்திருக்காது. கரூருக்கு வந்து என்ன செய்வது என்று என்னையே கேட்டாள். சார்லஸ் ஓட்டுவான், அவள் கணக்கு வழக்கைப் பார்ப்பாள். அதுவரை இருவரும் ஒத்துப்போனார்கள். எந்த வண்டி என்பதில்தான் தகராறு.

கம்பெனிப் பெயர்களை நான் எழுதவில்லை. அங்கே பேச்சில் அவை வருவதும் குறைவு. முன்னால் என்ஜின் நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு வண்டி. என்ஜினை இருக்கைக்கு அடியில் வைத்து, முகத்தைத் தட்டையாக நிறுத்தியிருந்தால் சப்பை வண்டி. இரண்டையும் வெவ்வேறு கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள். அந்தோணி ஓட்டியது சப்பை வண்டி. சார்லஸ் அதே கம்பெனி வண்டிதான் வேண்டும் என்றான். ரெஜினா மூக்கு வண்டி என்றாள். அதற்குமேல் அவள் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அன்று மதியம் மூவரும் நெடுஞ்சாலை ஓரத்து வண்டி ஸ்டாண்டுக்குப் போனோம். இருபது பிக்கப் வண்டிகள் வாடகைக்காகக் காத்து நின்றன. டிரைவர்கள் வண்டி நிழலில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். வேலை குறைந்துவிட்டது என்றார்கள். பாஸ்கர் என்பவர் அந்தோணியின் சிநேகிதர், இரண்டு வகை வண்டியும் வைத்திருந்தவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு (பன்னிரண்டு ரூபாய், ஏலக்காய் போட்டது) எனக்கு விளக்கினார்.

சப்பை வண்டிக்கு மூக்கு இல்லாததால் அதே நீளத்தில் சாமான் தட்டு பெரிதாகக் கிடைக்கும். பட்டறைச் சந்துக்குள் ஒரே வளைப்பில் திரும்பிவிடும். டீசலும் குறைவு. ஆனால் என்ஜின் சூடு இருக்கை வழியாக ஏறும். சித்திரை மாதத்தில் ஈரத் துணி போட்டுத்தான் உட்கார வேண்டும். மூக்கு வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்கும். பதிவு அட்டையில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றினாலும் முனகாது. எந்த ஊரில் நின்றாலும் மூடியைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக் கிடைப்பான். திரும்ப விற்றாலும் விலை போகும். ஆனால் சந்துக்குள் நுழையாது. ரெஜினாவுக்குக் காத்திருக்கும் வேலையில் பெரும்பகுதி ஒரு சந்துப் பட்டறையில்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு பாஸ்கர் ரெஜினாவைப் பார்த்தார். "அண்ணன் மட்டும் அன்னிக்கு மூக்கு வண்டில போயிருந்தா..." என்று தொடங்கி, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் நகர்ந்தார்.

விடியற்காலைப் பனியில், பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நின்ற டிரெய்லர். அந்தோணிக்கும் அந்த இரும்புக்கும் நடுவே ஒரு தகடும் ஒரு கண்ணாடியும்தான் இருந்தன. அதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் அந்த வரிசையில் பாதிக்கு மேல் சப்பை வண்டிகளே நின்றன. பாஸ்கர் இப்போது வைத்திருப்பதும் அதுதான்.

மறுநாள் காலை, ரெஜினாவின் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பினோம். அங்கே ஒரு விவசாயி, ஒரே ஆள் கையில் ஓடிய மூக்கு வண்டியை விற்கிறார் என்று பாஸ்கர் சொல்லியிருந்தார். சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். செங்குன்றம், திருவள்ளூர், திருத்தணி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். வழியில் சோழவரத்தில் இறங்கினோம். பந்தல் சாமான் வாடகைக்கு விடும் ஏழுமலையிடம் சார்லஸ் எங்களை அழைத்துப் போனான். சப்பை வண்டிக்காக அவர் பரிந்து பேசுவார் என்று நினைத்திருக்கிறான்.

ஏரியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடந்த இடம் இந்தப் பக்கம்தான் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். ஏழுமலையின் கொட்டகையில் மூங்கில் கழிகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் இடையே ஒரு சப்பை வண்டி நின்றது. அவர் அதைப் புகழவில்லை. முன்பு வேறொரு கம்பெனி வண்டி வைத்திருந்தாராம். ஒரு சின்னப் பாகம் பழுதாகி, சரிசெய்ய ஆள் கிடைக்காமல், வைகாசி முகூர்த்தங்கள் முழுவதும் அது ஷெட்டிலேயே நின்றது. பந்தல் கழிகளை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

"எது நல்ல வண்டின்னு கேக்காதம்மா. எல்லாம் நல்ல வண்டிதான், ஓடிக்கினு இருக்கற வரைக்கும். நின்னுபூட்டா யார் வந்து எடுப்பான்னு பாரு. எங்க தெருமுனையில இந்த வண்டிக்கு ஆள் இருக்கான். அதான் இத வாங்கினேன். வேற ஒண்ணும் கிடையாது" என்றார்.

சார்லஸ் முகம் மலர்ந்தது. ரெஜினா, "எங்க ஊட்டுக்காரர் வண்டி நின்னப்ப, எடுக்க ஆள் வந்தும் பிரயோஜனம் இல்லாம போச்சு" என்றாள். ஏழுமலை அப்புறம் எங்களைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் சாப்பிடவில்லை.

பொதட்டூர்பேட்டை போய்ச் சேர மதியம் ஆயிற்று. திருத்தணிக்கு அப்புறம் மலைகள் நெருங்கி வருகின்றன. காற்றில் புகை இல்லை. ஆனால் வானம் அதே சாம்பல் நிறம். கோவிந்தசாமி என்கிற அந்த விவசாயிக்கு அறுபதுக்கு மேல் வயது. வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி வண்டியை நிறுத்தியிருந்தார். அவரே எடுத்து விலக்கினார். வெள்ளை வண்டி, நீண்ட மூக்கு. நெல் மூட்டை ஏற்றிய தட்டில் இரண்டு கீறல் தவிர வேறு குறையில்லை. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். வலது கண்ணில் பார்வை போய்விட்டது, ஆபரேஷன் செய்தும் திரும்பவில்லை. வரப்புச் சேற்றில் ஒரு நாளும் மாட்டிக்கொள்ளாத வண்டி. தன்னால் ஓட்ட முடியாததைத் தினம் வாசலில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார, சார்லஸ் வண்டியை எடுத்தான். வாசலிலிருந்து ஏரிக்கரை வரை போய் வர வேண்டும். நானும் ரெஜினாவும் வேப்ப மரத்தடியில் நின்றோம். போகும்போது வண்டி நன்றாகத்தான் போயிற்று. திரும்பும்போது கரை மேட்டில் நின்றுவிட்டது. மறுபடி கிளம்பி, குலுங்கி, மறுபடி நின்றது. நான் வண்டியில் கோளாறு என்றே நினைத்தேன்.

வந்து நின்றதும் சார்லஸ் இறங்கினான். கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் இடது கால் முழங்காலுக்குக் கீழே தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. "கியர் சரியில்ல அண்ணி, பேஜார் புடிச்ச வண்டி. வேணாம்" என்றான்.

கோவிந்தசாமி இந்தப் பக்கம் இறங்கி வந்தார். அவர் வண்டியை மட்டும் புகழ்ந்து நிறுத்தியிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ரெஜினாவிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அந்த வாசலில் எல்லோருக்கும் கேட்டது.

"கியர் நல்லாதான் இருக்குதும்மா. நைனாவுக்குக் கால்தான் ஆவல. கிளச்சு மெதிக்கறப்ப ஒரு கையால தொடைய அமுக்கினு இருந்தாரு. சப்ப வண்டியில கிளச்சு லேசா இருக்கும், ஓட்டிடுவாரு. இது கனம். இத அவரால ஓட்ட முடியாது."

டீசல் குறைவு, சந்தில் திரும்பும், தட்டு பெரியது என்று நேற்றிலிருந்து சார்லஸ் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவனுடைய காரணம் அவற்றில் இல்லை.

"எப்பத்துலேருந்து?" என்று ரெஜினா கேட்டாள்.

"கட்டு பிரிச்சதுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி வாங்கியிருப்பீங்களா அண்ணி? எனக்கு வேற இன்னா தெரியும்?"

ரெஜினா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். முன்னால் வந்து, அந்த மூக்கின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். முழங்கை வரை நீட்டிப் பார்த்தாள். எத்தனை தூரம் என்று அளக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு கோவிந்தசாமியிடம், இதை எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"அண்ணி, இத யாரு ஓட்டுவா?"

"ஆள் போட்டுக்கலாம்."

"அப்ப நானு?"

"நீ ஊட்ல இரு. உசுரோட இரு."

அந்த வார்த்தைகளில் இருந்த அன்பு எனக்குக் கேட்டது. சார்லஸுக்கு வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவன் முகம் அறைபட்டது போல ஆகிவிட்டது.

வங்கி வேலையும் கையெழுத்துகளும் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஊரிலிருந்தே ஒரு டிரைவரை அனுப்புகிறேன் என்று கோவிந்தசாமி சொன்னார். அதற்குள் சார்லஸ் சாவியை எடுத்துவிட்டான். "ஊடு வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்" என்றான். தடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ரெஜினா தலையசைத்து விட்டுவிட்டாள்.

மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வந்தோம். நான் ஜன்னலோரம், ரெஜினா நடுவில். திறந்த சாலையில் அவன் கியர் மாற்றாமலே ஓட்டினான். திருத்தணி ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது முகத்தைத் துண்டால் துடைத்தான். திருவள்ளூர் கடைத்தெருதான் கொடுமை. ஷேர் ஆட்டோக்களும் பூக்கூடைகளும் மாடுகளும். நத்தை போல நகர்கிற கூட்டத்தில் நிமிஷத்துக்கு ஒரு முறை கிளச்சை மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்சம் நிறுத்தலாமே என்றேன். வேணாங்க்கா என்றான். ரெஜினா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே வரும் விளக்குகள் நெருங்கும்போதெல்லாம் அவள் பாதங்கள் தரையை அழுத்தின.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். யாரோ சூடம் கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டாள். சார்லஸ் சாவியை ரெஜினாவின் கையில் கொடுக்கவில்லை. வண்டியின் மூக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மூன்றாம் நாள் காலை பாஸ்கர் ஒரு டிரைவரை அழைத்து வந்தார். சார்லஸ்தான் அந்த டிரைவருக்கு வண்டியைக் காட்டினான். கிளச்சு எந்த இடத்தில் பிடிக்கும், தட்டின் கொக்கியை எப்படி மாட்ட வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னான். சந்துப் பட்டறைக்காரரிடம் ரெஜினா போனில் பேசினாள். வண்டி உள்ளே வராது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். "போனா போவுது" என்று அவள் சொன்னாள். அப்புறம் வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு வா என்று நான் மறுபடியும் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு சார்லஸே வந்தான். பிளாட்பாரப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தான். ரயில் வர நேரமிருந்தது. அண்ணி உன் நல்லதுக்குத்தான் செய்தாள் என்றேன்.

"தெரியும்க்கா. அவங்க மேல குத்தம் இல்ல" என்றான். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "எங்கண்ணன் அந்த வண்டிய வாங்கறப்ப நானும்தான் கூடப் போனேன். அவருக்கு மூக்கு வண்டிதான் புடிச்சுது. நான்தான் சந்துல திரும்பும்னு சொன்னேன்."

அதை ரெஜினாவிடம் சொல்லியிருக்கிறானா என்று நான் கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

இப்போது அவன் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்ப்பதாக ரெஜினா சொல்கிறாள். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும் வண்டிகளின் எண்ணை எழுத வேண்டும். அவர்கள் வீட்டு வண்டியும் வாரத்தில் இரண்டு மூன்று தடவை அங்கே போகிறதாம். வாடகை முன்போல இல்லை, ஆனால் ஓடுகிறது. அவனும் அவளும் தேவைக்குப் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெறும் அடிச்சட்டம்தான் வரும். கதவு, கண்ணாடி, கூரை எதுவும் இருக்காது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் அதன் முனையில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி, நின்று பார்த்ததில்லை. ஊர் திரும்பிய வாரம், தூறலில் அப்படி ஆறேழு சட்டங்கள் வரிசையாகப் போயின. சாலையைக் கடக்காமல் எல்லாம் போகும் வரை நின்றேன். ஓட்டிப் போனவர்களின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.